அத்தைக்கு அந்த ஓட்டல் பிடிக்குமா?

நந்தினி, சரவணா,

உங்கள் அத்தை நம்மை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருடம் நிறைகிறது. எனக்கு அவர் அக்கா. ஆனால் உங்களுக்காக எழுதுவதால் அத்தை என்றே எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் நண்பர்களும் கூட இதைப் படிக்கப் போகிறார்கள் என்று தெரியும். படிக்கட்டும். சில விஷயங்களை அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் பத்தாவதோடு நிறுத்தியவன். பேட்டரிக் கடையில் பில் எழுதுவதைத் தவிர பேனா பிடித்துப் பழக்கமில்லை. அத்தையின் இந்த நினைவு மலருக்கு யாராவது படித்தவரை வைத்து எழுதச் சொல்லலாம் என்றுதான் முதலில் இருந்தேன். போன மாதம் ஸ்கூல் விட்டு வந்த சரவணன் என்னைக் கேட்டானே ஒரு கேள்வி, அதற்குப் பிறகு இதை நானேதான் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"அப்பா, அத்தைக்கு அந்த பஸ் ஸ்டாண்டு ஓட்டல்தான் ரொம்பப் பிடிக்குமாமே? அத்தை செத்தப்பக்கூட அங்கேருந்துதான் சாப்பாடு வந்துச்சாமே? என் ஃப்ரெண்டோட அப்பா போன்ல காட்டினாங்க."

நான் அந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்திருந்தேன். நம் வீட்டு வாசலில் அந்த ஓட்டலின் வேன் நிற்கிறது. பந்தலுக்குக் கீழே நம் சனங்கள் கையில் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். படிக்கட்டில் சரவணனும் உட்கார்ந்து சாப்பிடுகிறான். படத்துக்கு மேலே எழுதியிருக்கிறார்கள்: "எங்கள் சுவையை ஊருக்குச் சொன்ன அம்மையாருக்கு எங்கள் கடைசி மரியாதை."

சரவணா, நீ சாப்பிட்டதில் ஒரு தப்பும் இல்லை. காலையிலிருந்து பட்டினியாக இருந்த பிள்ளை, கையில் கொடுத்ததைச் சாப்பிட்டாய். ஆனால் அந்த வரி இருக்கிறதே, அது பொய். எவ்வளவு பெரிய பொய் என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமானால் அத்தை யார் என்று முதலில் தெரிய வேண்டும்.

அத்தை பிறந்தது ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகும் வழியில் இருந்த ஒரு வாடகை வீட்டில். உங்கள் தாத்தா காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் எடை போடுகிறவர். அத்தை கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அவர் இறந்துவிட்டார். அதன் பிறகு வீட்டைத் தூக்கி நிறுத்தியது அத்தைதான். தமிழ் பி.ஏ. முடித்ததும் ஒரு பத்திரிகையின் திருச்சி அலுவலகத்தில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது. மற்றவர்கள் எழுதியதில் ஒற்றும் காலும் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. என்னைப் படி படி என்று அடித்துக்கொண்டார். எனக்குத்தான் ஏறவில்லை. பேட்டரி வேலை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றபோது திட்டாமல், முதல் கருவிப் பையை அவரே வாங்கித் தந்தார்.

அவர் எப்படி எழுத வந்தார் என்பது வேடிக்கையான கதை. பெண்கள் பக்கத்தில் சமையல் குறிப்பு எழுதுகிற அம்மா நீண்ட லீவில் போய்விட்டார். இடம் காலியாக இருந்தது. ஆசிரியர், பெண்தானே என்று நினைத்து, அத்தையைக் கூப்பிட்டு வாரம் ஒரு சமையல் குறிப்பு எழுதச் சொன்னார். அத்தை சொன்ன பதிலை அந்த ஆபீசில் பல வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

"எனக்குச் சமைக்கத் தெரியாதுங்க சார். சாப்பிடத்தான் தெரியும்."

அது உண்மை. அத்தை வைத்த குழம்பை நீங்களும் சாப்பிட்டிருக்கிறீர்கள். நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் சாப்பிட்டதைப் பற்றி எழுதுங்கள் என்று ஆசிரியர் விளையாட்டாகச் சொன்னார். அத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "சாப்பிட்டு வந்தேன்" என்ற தலைப்பில் வாரா வாரம் எழுத ஆரம்பித்தார். அதுவரை திருச்சியில் ஓட்டலைப் பற்றிப் பத்திரிகையில் ஏதாவது வந்தால் அது விளம்பரமாக இருக்கும், இல்லையென்றால் திறப்பு விழாச் செய்தியாக இருக்கும். நல்லதை நல்லது என்றும் கெட்டதைக் கெட்டது என்றும் கடைப் பெயரோடு எழுதிய முதல் ஆள், நம் ஊரில், உங்கள் அத்தைதான். இன்றைக்கு ஆளாளுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு போய் தோசையைப் படம் பிடித்து "வேற லெவல்" என்கிறார்கள். அப்போது அப்படி இல்லை. ஒரு பெண் தனியாக ஓட்டலுக்குள் போனாலே எல்லா இலையிலிருந்தும் தலை நிமிரும்.

அதனால் துணைக்கு நான் போவேன். அத்தை ஒன்று வாங்குவார், நான் வேறொன்று வாங்குவேன், இரண்டையும் ருசி பார்ப்பார். ஊரில் உள்ள மோசமான சாப்பாட்டையெல்லாம் நான் சாப்பிட்டதற்கு அதுதான் காரணம். எப்படி இருக்கிறது என்று கேட்டால் நான் எதைச் சாப்பிட்டாலும் "நல்லாருக்குக்கா" என்பேன். அவர் விட மாட்டார்.

"நல்லாருக்குன்னா, எது நல்லாருக்கு? அதைச் சொல்லு."

எனக்குச் சொல்லத் தெரியாது. யோசித்து யோசித்து ஒரு வாய், இன்னொரு வாய் என்று சாப்பிட்டு, புளி தூக்கலாக இருக்கு, பருப்பு வேகலை என்று ஏதாவது சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிடும். இப்போது யோசித்தால், கடைக்கு வருகிறவர் "வண்டி ஸ்டார்ட் ஆகலை" என்று சொன்னதும் "எப்போ ஆகலை, காலையிலயா, ஓடி நின்ன பிறகா?" என்று நான் கேட்கிறேனே, அந்தப் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

அந்த நாளில் எல்லா ஓட்டலிலும் பெண்களுக்கு என்று திரை போட்ட ஒரு அறை உண்டு. பேமிலி ரூம் என்பார்கள். காற்றும் வராது, வெளிச்சமும் வராது. பரிமாறுகிறவரும் வர மாட்டார். ஒரு கடையில் சூப்பர்வைசர் எங்களை அங்கே போகச் சொன்னார். அத்தை ஹாலிலேயே உட்கார்ந்துவிட்டார். "அங்கே வெளிச்சம் இல்லீங்க. இலையில என்ன விழுதுன்னு எனக்குத் தெரியணும்" என்றார். அதையும் அந்த வாரம் எழுதினார். கொஞ்ச நாளில் இரண்டு மூன்று கடைகளில் திரை காணாமல் போனது. இன்றைக்கு நந்தினி சிநேகிதிகளோடு போய் ஹாலில் நடுநாயகமாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்துச் சாப்பிட்டுவிட்டு வருகிறாள். அது தானாக வந்ததில்லை என்று தெரிந்துகொள்ளட்டும்.

வைகுண்ட ஏகாதசி சமயத்தில் ஸ்ரீரங்கத்து ஓட்டல்களில் கூட்டத்தைச் சாக்காக வைத்துச் சட்னியில் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றி எழுதினார். "சனங்கள் பெருமாளைச் சேவிக்க வந்திருக்கிறார்கள். காவிரியைச் சட்னிக் கிண்ணத்திலும் சேவிக்க வேண்டுமா?" என்று கேட்டார். சாமி ஊரில் இருந்துகொண்டு இப்படி எழுதலாமா என்று நம் சொந்தத்திலேயே சண்டைக்கு வந்தார்கள். சட்னி கெட்டியானது. அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

பெரிய கடை வீதிப் பக்கம் ஒரு பாய் கடை. அங்கே பிரியாணி பிரமாதம், ஆனால் கத்திரிக்காய் புளிக்கிறது என்று அத்தை எழுதினார். அந்த பாய் கட்டுரையை ஒரு வரி விடாமல் லேமினேட் செய்து சுவரில் மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம், "இன்ஷா அல்லாஹ், இன்னைக்குக் கத்திரிக்காயையும் சாப்பிட்டுப் பாருங்க, அந்தம்மா சொன்ன மாதிரி இல்லை" என்பார். அத்தைக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். முழுதாக மாட்டினார் பாருங்கள், அதற்காக.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எந்தக் கடையிலும் அத்தை ஓசியில் சாப்பிட்டதில்லை. யாரென்று தெரிந்து பணம் வேண்டாம் என்றால், கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அதோடு ஒரு கடைக்கு ஒரு தடவை போய்விட்டு எழுத மாட்டார். முதல் தடவை மதியம் கூட்டத்தில் போவார். இரண்டாம் தடவை மூன்றரை மணி வாக்கில், எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு போவார். அப்போதுதான் வேலை செய்கிறவர்கள் சாப்பிடுவார்கள். அவர்கள் சாப்பிடுவதில் ஒரு தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். சில கடையில் சிரித்துக்கொண்டே தருவார்கள். சில கடையில் முதலாளி முகம் மாறிவிடும்.

எனக்கு அந்த நேரத்தில் பசியே இருக்காது. ஏன்க்கா இந்த வேண்டாத வேலை என்று ஒரு தடவை கேட்டேன்.

"நமக்குப் போடுறது நம்ம காசுக்குப் போடுறதுடா தம்பி. அவங்களுக்குப் போடுறதுதான் அந்தக் கடையோட சாப்பாடு."

இப்போது அந்த பஸ் ஸ்டாண்டு ஓட்டலுக்கு வருகிறேன். பெயரை எழுத மாட்டேன். அதற்கு இந்த மலரிலும் விளம்பரம் எதற்கு? பெரிய ஓட்டல். ஊர் முழுக்கப் பெயர். மதியம் நாங்கள் போனபோது சாம்பார் அருமையாக இருந்தது. என்னிடம் எது நல்லாருக்கு என்று அத்தை கேட்டபோது முதன்முறையாக நான் தடுமாறாமல் சாம்பார் என்றேன். இரண்டாம் தடவை மூன்றரைக்குப் போனோம். வேலையாட்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அத்தை எழுந்து பின்பக்கச் சந்துக்குப் போனார். நானும் போனேன்.

கேஸ் சிலிண்டர் அடுக்கியிருந்த இடத்தில், பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் மிஞ்சிய சோறு. அதில் சாம்பார் பாத்திரத்தைக் கழுவிய தண்ணீர் மாதிரி ஒன்று. வாடை வந்தது. முருகேசன் என்று ஒருவர், மதியம் எங்களுக்குப் பரிமாறியவர், அத்தையைப் பார்த்ததும் தட்டை மறைத்துக்கொண்டார். அவருக்கு என்ன வெட்கம்? வெட்கப்பட வேண்டியவர் முன்னால் கல்லாவில் இருந்தார். அத்தை ஒரு தட்டு கேட்டு வாங்கி, அந்தச் சோற்றை முழுதும் சாப்பிட்டார். நான் ஒரு வாயோடு நிறுத்திவிட்டேன்.

கட்டுரையில் அத்தை ஒரு வார்த்தை கூட்டி எழுதவில்லை. ஹாலில் போட்ட சாப்பாட்டைப் பாராட்டினார், சந்தில் போட்ட சாப்பாட்டையும் எழுதினார். கடைசி வரி எனக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. "சாம்பார் நன்றாக இருக்கிறது. அதைப் பரிமாறுகிறவருக்கும் அதே சாம்பார் கிடைக்கிற அன்று மீண்டும் வருவேன்."

அந்த வாரமே ஓட்டல் முதலாளி பத்திரிகை ஆபீசுக்குப் போனார். விளம்பரத்தை நிறுத்திவிடுவேன் என்றார். அவரோடு இன்னும் சில ஓட்டல்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். எழுதியதில் எது பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனாலும் "சாப்பிட்டு வந்தேன்" அடுத்த வாரம் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. அந்த இடத்தில் கோலம் வந்தது. ஆசிரியர் அத்தையைக் கூப்பிட்டு, பழையபடி பிழை மட்டும் திருத்துங்கள் போதும் என்று சொன்னாராம். பிழையைத் திருத்தியதற்குத்தானே இந்தத் தண்டனை என்று எனக்கு வயிறு எரிந்தது. நான் போய்ச் சத்தம் போடப் போகிறேன் என்றேன். அத்தை, "வேலையும் போயிட்டா உன் கடைக்கு அட்வான்ஸ் யார் கட்டுறது? சும்மா இரு" என்றார்.

அவர் அழுதது அதற்கு இல்லை. முருகேசனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்த அன்றுதான் அழுதார். அவர்தான் அத்தையிடம் பேசினார் என்று முதலாளி நினைத்துக்கொண்டார். அந்த மனிதர் வாயே திறக்கவில்லை, தட்டை மறைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மறுநாள் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு புத்தூரில் ஆஸ்பத்திரிகள் பக்கம் இருந்த ஒரு மெஸ்ஸுக்குப் போனார். எனக்கு அங்கே போகவே மனசில்லை. ஏனென்றால் அந்த மெஸ்காரரின் ரசம் தண்ணியாக இருக்கிறது என்று அத்தை எழுதி, அவர் ஆத்திரத்தில் "இந்தம்மாவுக்கு இங்கே இலை கிடையாது" என்று சொல்லி எங்களை ஒரு தடவை வாசலோடு அனுப்பியிருந்தார். அத்தை நேராகப் போய், ஒரு நல்ல ஆள் வேலையில்லாமல் இருக்கிறார், எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

மெஸ்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "என் ரசம் தண்ணின்னு ஊருக்கே சொன்னீங்க. இப்போ என்கிட்டயே வந்து வேலை கேக்குறீங்களா?"

"தண்ணியா இருந்துச்சு, எழுதினேன். இப்போ அப்படி இல்லையாம். உங்க ஆளுங்களும் அதே ரசம்தான் ஊத்திச் சாப்பிடுறாங்களாம். அதான் உங்ககிட்ட வந்தேன்."

மெஸ்காரர் உள்ளே பார்த்து, இரண்டு இலை போடச் சொன்னார். முருகேசனுக்கு அங்கே வேலை கிடைத்தது. பரிமாறப் போனவர் அடுப்படிக்குப் போனார். சமையல் கற்றுக்கொண்டு இன்று தனியாகக் கல்யாணங்களுக்குச் சமைக்கிறார்.

பத்திரிகையில் எழுத முடியாமல் போன பிறகும் அத்தை சாப்பிடுவதை நிறுத்தவில்லை. எங்கே போனாலும் மூன்றரை மணிக்கு எட்டிப் பார்ப்பார். சில முதலாளிகள் அவர் வருகிற நாளில் மட்டுமாவது வேலையாட்களுக்கு நல்ல சோறு போட்டார்கள். அதனால் எந்த நாளில் வருவேன் என்று சொல்ல மாட்டார். எழுதினால்தான் பயப்படுவார்கள் என்று இல்லை, கேட்டாலே பயப்படுவார்கள் என்பார்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு இடம் கூடி வந்து கலைந்தது. ஆம்பளைங்களோட சமமா ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுகிற பொண்ணு என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். சாப்பிடுவது என்ன அவ்வளவு பெரிய குற்றமா? அதைச் சொன்னவர்கள் இன்று இந்த மலரையும் வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்கள் பெண்கள் எல்லாரும் இப்போது ஓட்டலில்தான் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள். நல்லா இருக்கட்டும். ரிடையர் ஆன பிறகு அத்தை எடமலைப்பட்டி புதூரில் நம் வீட்டு மாடிக்கே வந்துவிட்டார். அதற்குப் பிறகு உங்களுக்குத் தெரியும்.

கடைசியில் இதயக் கோளாறு வந்து புத்தூரில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பார்க்க வந்த சிலர், "அத்தனை வருஷம் ஓட்டல் சாப்பாடு, வராம என்ன செய்யும்?" என்று அவர் காது கேட்கவே சொன்னார்கள். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் தாத்தாவும் இதே நோயில்தான் போனார். அவர் ஓட்டல் வாசலை மிதித்தவரே இல்லை. இதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கஞ்சி கொண்டு வந்த நர்ஸிடம் அத்தை, "நீ என்னம்மா சாப்பிட்டே?" என்று கேட்டார். அந்தப் பெண் இன்னும் இல்லம்மா என்றது. அது சாப்பிட்டுவிட்டு வரும்வரை அத்தை கஞ்சியைத் தொடவில்லை. மெஸ்காரர் தினமும் மதியம் சின்னத் தூக்கில் ரசம் கொண்டு வருவார். அத்தை காசு கொடுப்பார். ஆஸ்பத்திரியில் இருக்கிறவரிடம் காசு வாங்குகிறாரே என்று பக்கத்துப் படுக்கைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவர் வாங்கிக்கொண்டார். அத்தைக்கு அந்த மனிதர் செய்த மரியாதை அதுதான். கடைசி நாள் ரசத்தைக் குடித்துவிட்டு, "மிளகு இன்னும் கொஞ்சம் தட்டிப் போடலாம்" என்றார். மெஸ்காரர், "நாளைக்குப் போடுறேங்க" என்றார். அந்த நாளை வரவில்லை.

இனி அந்த வேன் விஷயம். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, யாராவது சாப்பாடு கொண்டு வருவது நம் வழக்கம். எதிர்வீட்டு அம்மா உப்புமா கிண்டுவதாகச் சொல்லியிருந்தார். நான் ஓயாமரி சுடுகாட்டில் காரியம் முடித்து ஈரத் துணியோடு திரும்பி வருகிறேன், வாசலில் அந்த ஓட்டலின் வேன். எல்லார் கையிலும் அந்தப் பெயர் அச்சடித்த பொட்டலம். உங்கள் சின்னத் தாத்தா, அதாவது என் சித்தப்பா, விவரம் தெரியாமல், யாரோ புண்ணியவான் அனுப்பியிருக்கிறார் என்று இறக்கிக்கொண்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கையிலிருந்து பிடுங்கவும் முடியாது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எதிர்வீட்டு அம்மாவின் உப்புமா ஆறிப்போய் அப்படியே இருந்தது. நான் அதைச் சாப்பிட்டேன்.

மறுநாள் பத்திரிகையில் அத்தை இறந்த செய்தி இரண்டு வரி வந்தது. "சமையல் குறிப்பு எழுத்தாளர்" என்று போட்டிருந்தார்கள். அவர் வேலை செய்த அதே பத்திரிகை. ஒருவருக்கும் தெரியவில்லையா, இல்லை தெரிய வேண்டாம் என்று இருந்தார்களா? குழம்பு வைக்கத் தெரியாத அக்காவுக்கு இப்படி ஒரு பட்டம்.

கொஞ்ச நாளில், அந்த ஓட்டலில் அத்தையின் படம் மாலை போட்டு மாட்டியிருக்கிறது என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். நான் போனேன். மூன்றரை மணிக்குத்தான் போனேன். கல்லாவுக்கு மேலே படம். படத்துக்குக் கீழே "சாம்பார் நன்றாக இருக்கிறது" என்று பெரிய எழுத்தில். அத்தோடு நிறுத்திவிட்டார்கள். அடுத்த வரி இல்லை.

இப்போது முதலாளி பழையவரின் மகன். என்னை உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். நான் குடிக்கவில்லை.

"மரியாதைக்குத்தாங்க மாட்டியிருக்கோம். நம்ம ஊர்ல பெரிய மனுஷிங்க அவங்க."

"அப்போ அவங்க எழுதினதை முழுசா மாட்டுங்க. படமும் இருக்கட்டும்."

அவர் சிரித்தார். "அதெல்லாம் எங்கப்பா காலத்துக் கதைங்க. எதுக்கு இப்போ?"

"புகழ்ந்ததும் உங்கப்பா காலத்துலதான் எழுதினாங்க. அது மட்டும் உங்களுக்கு வேணுமா?"

நான் எழுந்து பின்பக்கச் சந்துக்குப் போய்ப் பார்த்தேன். சிலிண்டர் அங்கேயே இருந்தது. கிரேட்டும் அங்கேயே. புது ஆட்கள், வடக்கத்திப் பிள்ளைகள் நிறைய. தட்டில் என்ன இருந்தது என்று பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, முழுசா மாட்ட முடியாதென்றால் கழற்றுங்கள் என்றேன். என் குரல் ஹால் முழுக்கக் கேட்டிருக்கும் போல, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கழற்றினார்கள். ஆனால் அந்த வேன் படம் போனில் போனது போனதுதான். அதை யார் கழற்றுவது? அதுதான் சரவணன் ஸ்கூல் வரைக்கும் வந்திருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு போன மாதம் அந்த ஓட்டல் முதலாளி சின்னத் தாத்தாவுக்குப் போன் செய்தார். என்னிடம் பேசவில்லை, அவரிடம் பேசினார். முதல் வருஷத் திதிக்கு வடை பாயசத்தோடு முழுச் சாப்பாடு நாங்களே அனுப்புகிறோம், ஒரு பைசா வேண்டாம் என்றார். சின்னத் தாத்தா சரி என்று சொல்லிவிட்டார். நான் வேண்டாம் என்றதும் வீட்டில் பெரிய சண்டை.

"ஓசியில வர்றதை ஏன்டா தள்ளுறே? அவ கோவத்தை நீ எதுக்குத் தூக்கிச் சுமக்குறே?"

"அக்கா இருந்தா இந்தச் சாப்பாட்டைத் தொட்டிருப்பாங்களா சித்தப்பா?"

"அவதான் இல்லையேடா."

"அதனாலதான் நான் சொல்றேன்."

அவர் எழுந்து போய்விட்டார். நானே ஓட்டலுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொன்னேன். அந்த வேன் இன்றைக்கும் நம் வாசலில் நின்றிருந்தால் அந்தப் பொய் உண்மையாகிவிடும், பிள்ளைகளே. அத்தை எந்தச் சோற்றைப் பற்றி எழுதியதற்காகப் பேனாவை இழந்தாரோ, அவர் பெயரால் நாமே அந்தச் சோற்றைப் போட்டவர்களாகிவிடுவோம். சித்தப்பா இன்று வருவார் என்று நம்புகிறேன். அவருக்கு இலை உண்டு, என் பக்கத்திலேயே.

ஆக, சரவணா, உன் கேள்விக்குப் பதில்: அந்த ஓட்டல் சாம்பார் அத்தைக்குப் பிடிக்கும். அந்த ஓட்டல் பிடிக்காது. அதே சாம்பார் பரிமாறுகிறவருக்கும் கிடைக்கிற அன்று வருவேன் என்று எழுதினார். அப்படி ஒரு நாள் அங்கே வரவில்லை. அவரும் போகவில்லை.

அத்தையைக் கடைசி வரை கவனித்த டாக்டர்களுக்கும், அத்தை கேட்டதற்காகச் சாப்பிட்டுவிட்டு வந்த அந்த நர்ஸுக்கும், ரசத்துக்குக் காசு வாங்கிக்கொண்ட மெஸ்காரருக்கும், ஓயாமரி வரை தோள் கொடுத்தவர்களுக்கும், உப்புமா கிண்டிய எதிர்வீட்டு அம்மாவுக்கும், கட்டுரையை இன்னும் முழுதாக மாட்டி வைத்திருக்கும் பாய்க்கும், மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கி அத்தையைத் தாயாகப் பார்த்த உங்கள் அம்மாவுக்கும் நான் கைகூப்பிக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இன்று நம் வீட்டில் சமைப்பது முருகேசனும் அவருடைய ஆட்களும். அவரும் காசு வேண்டாம் என்றுதான் சொன்னார். அக்காவுக்கு ஓசி பிடிக்காது என்று நினைவுபடுத்தினேன், தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது படையல் முடிந்து காக்கைக்கு வைத்திருப்போம். அடுத்தது முதல் பந்தி. அதில் உட்காரப் போவது சொந்தக்காரர்கள் இல்லை. முருகேசனும், காய் நறுக்கிய பெண்களும், பாத்திரம் கழுவுகிறவரும்தான். சமைச்சவங்க கடைசியிலதான் உட்காருவோம் அண்ணே என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. வந்திருக்கும் பெரியவர்கள் கோபித்துக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும்.

நந்தினி, நீ ரச வாளியை எடுத்துக்கொள். சரவணா, நீ சாம்பார். சிந்தாமல், இலை பார்த்து ஊற்று. அவர்கள் சாப்பிட்டு முடித்ததும் எப்படி இருந்தது என்று கேளுங்கள். தாங்கள் சமைத்ததுதான் என்று வெட்கப்பட்டு நல்லாருக்கு என்பார்கள். அத்தோடு விட்டுவிடாதீர்கள். எது நல்லாருக்கு என்று கேளுங்கள்.